இடது காலின் சத்தம்

என் வீட்டுக்காரரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. முதுகைப் பார்த்திருப்பீர்கள். பெரிய நடிகர் ஒருவருக்கு வருடக்கணக்கில் டூப் போட்டவர் அவர். மாடியிலிருந்து குதித்தது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தது எல்லாம் இவர். கடைசியில் தலைமுடியைக் கோதிவிட்டுச் சிரித்தது மட்டும் அந்தப் புண்ணியவான். அடி இவருக்கு, கைதட்டல் அவருக்கா என்று நான் கரித்துக்கொட்டினால், "அதான் சம்பளம் குடுத்தாங்கல்ல, விடு" என்பார். கோபமே வராத மனுஷன். அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

ஒரு படத்தில் குதிக்கும்போது மெத்தை நகர்ந்துபோய் இடது முழங்கால் போய்விட்டது. சண்டைக் காட்சி இன்னும் பாக்கியிருந்தது. ஊசி போட்டுக்கொண்டு போய் நின்றார். இடது காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. அதைத் தரையோடு இழுத்து, முட்டியை விறைப்பாக நிறுத்தி, அதன் மேலேயே சுழன்று வலது காலால் உதைத்தார். இயக்குநருக்கு அது பிடித்துப்போய், "அப்படியே வச்சுக்கலாம்" என்றார். அந்த உதையைப் பார்க்கவே கூட்டம் அலைமோதியது. இவர் கால் மட்டும் தேறவேயில்லை. நடக்கும்போது ஒரு சத்தம் வரும். சர்ர்ர்... தொப். சமையலறையில் இருந்தபடியே, அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். இப்போது ஒரு மரக்கடையில் காவலுக்கு இருக்கிறார்.

எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் கராத்தே கற்றுக்கொள்கிறாள். போட்டிக்குத் தேர்வானதிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒருநாள் மழை பெய்ததால் குடையோடு நானே கூட்டிவரப் போனேன்.

பாதிப் படியில் அந்தச் சத்தம் கேட்டது. சர்ர்ர்... தொப். இவர் எங்கே இங்கே வந்தார் என்று நின்றேன். மறுபடியும் கேட்டது. ஒரு ஆள் காலை இழுக்கிற சத்தம் இல்லை அது, சுவரே அதிர்ந்தது. கதவைத் தள்ளினேன்.

ஹால் நிறையப் பிள்ளைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் இடது காலைத் தரையோடு இழுத்தார்கள். இழுக்கும்போது இடது தோள் தொங்கியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அச்சு அசலாக என் வீட்டுக்காரர். காலையும் தோளையும் படத்தைப் பார்த்துக் கற்றிருக்கலாம். அவர் முகத்தைத்தான் படத்தில் யாருமே பார்த்ததில்லையே, அந்த வாய்க்கோணலை எங்கிருந்து எடுத்தார்கள்?

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது ஸ்டெப் இல்லடி, வலி. இழுத்து அப்படியே திரும்பினா முட்டி முறுக்கிக்கும்."

"அப்ப வாய் ஏங்க கோணுது?"

"வலிச்சா கோணத்தான் செய்யும். அதை யாரும் சொல்லிக்குடுக்க வேணாம்."

கிளாஸை நிறுத்திவிடலாம் என்றேன். போட்டியை விட்டால் குழந்தை உடைந்துபோவாள், மாஸ்டரிடம் பேசிப் பார்க்கலாம் என்று மறுநாள் சாயங்காலமே கிளம்பினார். நானும் குடையை எடுத்துக்கொண்டு கூடவே போனேன்.

மாஸ்டர் இளைஞர். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கராத்தேவுக்கே வந்தாராம். "காலை இழுக்கும்போது பூமியிலேருந்து சக்தி ஏறுது சார். நடிகரே பேட்டியில சொல்லியிருக்காரு" என்றார்.

"இழுத்ததே நான்தான் தம்பி."

மாஸ்டர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இப்படிச் சொல்லிக்கிட்டு நிறைய பேர் வர்றாங்க சார்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் குடையாலேயே ஒன்று போட்டிருப்பேன். இவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். சர்ர்ர்... தொப். சுழன்றார். பிள்ளைகள் குத்திப் பழகத் தொங்கவிட்டிருந்த மூட்டையில் உதை விழுந்தது.

அந்த முதுகைப் படத்தில் மாஸ்டர் எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பாரோ! கண் கலங்கிப்போய் இவர் காலில் விழுந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எங்கள் மகள்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

இவர் அவரைத் தூக்கி நிறுத்தினார். "அது ஸ்டெப் இல்ல தம்பி, வலி. புரிஞ்சுக்குங்க."

"புரிஞ்சுடுச்சுங்கய்யா. இத்தனை நாள் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன். இனிமே சரியா சொல்லிக்குடுக்கறேன்."

போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அடுத்த கிளாஸுக்கு நானே அவளுக்குத் தலைவாரி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் சர்ர்ர்... தொப். "வந்துட்டாரு" என்று முணுமுணுத்தபடி அவருக்கும் ஒரு டம்ளர் எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. அவர் என் பின்னால், சமையலறை ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வாசலில் வந்து நின்றாள். இடது தோள் தொங்கியிருந்தது. வாய் கோணியிருந்தது. கண் மட்டும் அப்படி மின்னியது.

"வலிக்குதாம்மா?" என்றார் இவர்.

"ஆமாப்பா!" என்றாள் சந்தோஷமாக. "இப்பதான் சரியா வருதுன்னு மாஸ்டர் சொன்னாரு. அது ஸ்டெப் இல்லையாம், வலியாம். வலி வர்ற வரைக்கும் இழுக்கணுமாம்."