டிபன் கேரியரில் ஒரு கியூபா சுருட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தார். என் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. முதல் தடவையாகப் பார்க்க வந்தவர். தொட்டிலில் கிடந்ததை ஆசைதீரக் கொஞ்சிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்க தாத்தா ஆயிட்டீங்க... இந்தாங்க" என்று எதையோ என் கையில் வைத்தார்.

பளபளவென்று ஓர் அலுமினியக் குழாய். ஒரு முனையில் திருகு மூடி. உடம்பெல்லாம் வெளிநாட்டு எழுத்து.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே போட்டுவிட்டேன்!

குழாய் உருண்டுபோய் சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டது. மாப்பிள்ளை பதறிப்போனார். மகள் "அப்பாவுக்கு பிரஷர் செக் பண்ணணும்" என்றாள். என் மனைவி வசந்தா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குத்தானே தெரியும்?

அது சுருட்டு. சுருட்டு என்று சொன்னால் மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை — சிகார் என்று சொல்ல வேண்டுமாம். கியூபா சரக்காம். உங்களுக்கும் எனக்கும் என்ன ஒளிவு மறைவு? அந்த மாதிரிக் குழாயைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பயம்.

இதே மகள் வசந்தாவின் வயிற்றில் இருந்த சமயம் அது. அப்போது தெலுங்கு நாட்டில், மல்லாபூர் பக்கம் ஒரு பொதுத்துறை எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் நான் ஜூனியர் என்ஜினியர். குடியிருப்பு மெட்டுகூடாவில், ரயில்வே ஒர்க்‌ஷாப் தமிழர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு சந்தில், வாடகை வீடு.

வசந்தாவுக்கு அதற்கு முன் இரண்டு தடவை கலைந்திருந்தது. மூன்றாவது தங்கியது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'அதிர்ச்சியான சேதி எதுவும் இந்தப் பெண் காதில் விழக்கூடாது' என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட நான் ரகசியமாகத்தான் துடைப்பேன்.

போதாததற்கு உறையூரிலிருந்து என் அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம். பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் எதையும் வெட்டக்கூடாது. பூசணிக்காய் கூடாது, மரம் கூடாது... முடியும் வெட்டக்கூடாது, தாடியும் எடுக்கக்கூடாது. நான் படித்தவன்தான். டிரான்சிஸ்டரைப் பிரித்து மேய்ந்தவன்தான். ஆனால் இரண்டு தடவை இழந்தவனிடம் போய் மூடநம்பிக்கை என்று பேச முடியுமா? தாடி வளர்த்தேன். ஆலையில் என்னை 'சாமியார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் பிரிவில் ஒரு புது மெஷினை நிறுவ கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். பாவல் என்று பெயர். மலை மாதிரி ஆள், குழந்தை மாதிரிச் சிரிப்பு. என் தாடிக்குக் காரணம் கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை — தலையைத் தலையை ஆட்டிக்கொண்டார்.

வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும் மதியம், கையைக் குலுக்கிவிட்டு ஓர் அலுமினியக் குழாயை என் பையில் செருகினார். "குழந்தை பிறந்த அன்று பற்றவை. அதற்கு முன்னால் தொடாதே. புகையை விழுங்காதே... வாயில் வைத்து ருசி பார்" என்றார். காரில் ஏறினார். பேகம்பேட்டை விமான நிலையத்துக்குப் போயே போய்விட்டார்.

பயம் என்னை அப்போதே பிடித்துக்கொண்டது. அரசாங்க ஆலையில் வெளிநாட்டுக்காரரிடம் பரிசு வாங்கலாமா? விஜிலென்ஸுக்குத் தெரிந்தால்? யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்டாலே தெரிந்துவிடுமே!

ஆகவே உலகத்தில் எந்தப் புத்திசாலியும் செய்யாத காரியத்தைச் செய்தேன். குழாயை என் டிபன் கேரியரின் அடித்தட்டில், மோர்சாதம் இருந்த இடத்தில், குறுக்காக வைத்து மூடினேன்.

இந்த இடத்தில் இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். அந்த வாரம்தான் எங்கள் ஆலையில் ஒரு ரீல் தங்கக் கம்பி காணாமல் போயிருந்தது. டிரான்சிஸ்டருக்குள் வைத்து இணைக்கும் கம்பி — தலைமுடியைவிட மெல்லியது, அசல் தங்கம். ரீலே சட்டைப் பொத்தான் அளவுதான். இரண்டு பேரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். மீதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக்கூட நிறுத்தியிருந்தோம்.

சாயந்தரம் சைரன் ஊதியது. கேட்டில் வரிசை. ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் செக்யூரிட்டி அறைக்குள் சோதனை. எல்லாம் அதிர்ஷ்டம்தான்.

எனக்கு எது எரிந்தது என்று கேட்கிறீர்களா? கேட்கவே வேண்டாம்.

மொய்தீன் பாய் என்கிற ஹவல்தார் என் டிபன் கேரியரைத் திறந்தார். தினமும் எனக்கு சலாம் வைக்கிற மனுஷன். குழாயை வெளியே எடுத்தவர் என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்... உள்ளே போய் செக்யூரிட்டி ஆபீசரைக் கூட்டிவந்தார்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த மேஜர் அவர். இன்று நினைத்தால் புரிகிறது — அவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன்? முகத்தை மறைத்த தாடி. வியர்த்துக் கொட்டும் நெற்றி. சோற்றுப் பாத்திரத்தில் ஒளித்துவைத்த வெளிநாட்டு உலோகக் குழாய். நானே அவராக இருந்திருந்தால் என்னைக் கைது செய்திருப்பேன்.

குழாயைத் திறந்தார். மெல்லிய மரச்சீவல் ஒன்று சுற்றியிருந்தது. அதற்குள்ளே கட்டைவிரல் தடிமனுக்கு, பழுப்பு நிறத்தில், வழவழவென்று... மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"சுருட்டு சார்" என்றேன்.

யார் கொடுத்தது என்றார். சொன்னேன். அவர் எங்கே என்றார். ஆகாயத்தில் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் உண்மைக்கு இவ்வளவு கேவலமான முகம் இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

இதற்குள் ஒரு ரீலை வைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியதில் என்ன தப்பு? மேஜையிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். நீளவாக்கில் கிழிக்கப் போகிறார்...

கிழிக்கட்டும் என்று விட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் என் கண்ணுக்கு அது சுருட்டாகத் தெரியவில்லை. வசந்தாவின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கென்று ஒருத்தர் கொடுத்தது. அதன்மேல் பிளேடா? சட்டென்று மேஜரின் கையைப் பிடித்துவிட்டேன். சந்தேகக் கேஸ், ஆபீசர் கையைப் பிடிக்கிறான்!

"வெட்ட வேண்டாம் சார். நான் குடிச்சுக் காட்டுறேன். கடைசி வரைக்கும். தங்கம் எரியாது... உள்ளே இருந்தா சாம்பல்ல நிக்கும்."

எங்கிருந்து வந்தது அந்த யோசனை? பயம் வந்தால் சிலருக்குப் பேச்சு நிற்கும். எனக்கு மூளை கோணலாக வேலை செய்யும். மேஜர் கொஞ்சம் யோசித்தார். வெளிநாட்டு நிபுணர் கொடுத்ததை அறுத்துப்போட்டு நாளைக்கு அதுவே வம்பாகிவிட்டால்? சரி என்று தலையாட்டி நாற்காலியைக் காட்டினார்.

ஆலைக்குள் தீப்பெட்டி கொண்டுபோக முடியாது. எல்லோருடைய தீப்பெட்டியும் டோக்கன் போட்டு அந்த அறையில்தான் அடுக்கியிருக்கும். மொய்தீன் பாய் அதிலிருந்து யாருடையதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

நான் புகைப்பவன் இல்லை. ஆனாலும் சுருட்டுக்குப் பேர்போன உறையூர்க்காரன். எங்கள் மாமாவுக்கு எத்தனை சுருட்டுப் பற்றவைத்துக் கொடுத்திருக்கிறேன்! அந்தத் தைரியத்தில் வாயில் வைத்துக் கொளுத்தி இழுத்தேன்.

புகை வரவில்லை.

மறுபடியும் கொளுத்தினேன். கன்னம் ஒட்ட இழுத்தேன். ஒன்றும் இல்லை. நுனி சிவந்து, கறுத்து, அணைந்துபோனது.

மேஜர் எழுந்து நின்றார். "உள்ளே எதுவோ அடைச்சிருக்கு" என்று மொய்தீன் பாயிடம் தெலுங்கில் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது! சிரிக்காதீர்கள். பாவல் என்னைக் கருவியாக்கிவிட்டாரோ? தங்கத்தை இதற்குள் வைத்து என் தலையில் கட்டிவிட்டு ஓடிவிட்டாரோ? குழந்தை மாதிரிச் சிரித்த மனுஷனை ஒரு நொடியில் கடத்தல்காரனாக்கிவிட்டேன். பயந்தவனுக்கு நண்பன் கிடையாது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பெனி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கடைசி சீட்டில் எங்கள் சந்துக்காரர் டேனியல், என்னையே பார்த்துக்கொண்டு போனார். போச்சு. பஸ் மெட்டுகூடா போய்ச் சேரும்போது சேதியும் போய்ச் சேரும். 'உங்க வீட்டுக்காரரை கேட்ல பிடிச்சு வெச்சிருக்காங்க...' வசந்தா வாசல்படியில் நிற்பாள். கேட்பாள். அப்புறம்?

வேலை போகட்டும். ஜெயில்கூடப் போகட்டும். அந்தப் பிள்ளை போய்விட்டால்? அதை நினைத்ததும் என்னையறியாமல் பல்லைக் கடித்தேன்.

கடக்.

வாயில் இருந்த முனை உடைந்தது. குபுகுபுவென்று புகை!

பிற்பாடுதான் தெரிந்தது. நம் ஊர்ச் சுருட்டுக்கு இரண்டு பக்கமும் வாய் திறந்திருக்கும். சீமைச் சுருட்டுக்கு வாய்ப் பக்கம் இலையை ஒட்டி மூடியிருப்பார்களாம்; வெட்டித் திறந்தால்தான் புகை வரும். எதையும் வெட்டக்கூடாதவன் கையில்தானா அது வந்து சேர வேண்டும்?

முதல் புகையை விழுங்கிவிட்டேன். கண் இருட்டியது. நெஞ்சு எரிந்தது. மொய்தீன் பாய் தண்ணீர் கொடுத்து, "கைக்கு சாப் இதெல்லாம்?" என்றார் பரிதாபமாக. ஏன் என்றுதான் எனக்கும் தெரியவில்லை. பாவல் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. விழுங்காமல் வாயிலேயே நிறுத்தினேன்.

சாம்பல் விழ விழ, மேஜர் அதை ஒரு காகிதத்தில் வாங்கிப் பென்சிலால் கிளறிப் பார்த்தார். ரீல் கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு தன்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், சாம்பலிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். என்னைப் பார்த்து அவருக்குப் பயம். அவரைப் பார்த்து எனக்குப் பயம். அந்த அறையில் பயப்படாமல் எரிந்துகொண்டிருந்தது சுருட்டு மட்டும்தான்.

பாதிக்கு வந்திருக்கும். நாக்கில் ஏதோ நடந்தது. முதலில் டிகாக்‌ஷன் கசப்பு. பின்னாலேயே பாகு முறுகும் வாசனை. மழை பெய்த மண்ணை நாக்கால் தொட்டது மாதிரி ஒன்று. கடைசியில் மிளகின் காரம், உதட்டோரம் லேசாக. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — அவ்வளவு ருசியான எதையும் அதற்கு முன் நான் வாயில் வைத்ததில்லை. உயிர் போகிற நேரத்தில் ஒருவனுக்கு ருசி தெரியுமா? தெரிந்தது.

துண்டு விரலைச் சுட்டது. தங்கம் இல்லை. வெறும் சாம்பல். மேஜர் 'போகலாம்' என்று கையைக் காட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சில நாள் கழித்து அந்த ரீல், ஸ்டோரிலேயே வேறொரு அலமாரியில் அகப்பட்டதாம். அதற்கும் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

'மடியில் கனம் இல்லையென்றால் வழியில் பயம் இல்லை' என்பார்கள். சொன்னவர் எந்த ஆலை கேட்டிலும் நின்றிருக்க மாட்டார். மடியில் கனம் இருப்பவனுக்கு அது ஒன்றுதான் பயம். இல்லாதவனுக்கு எதையெல்லாம் கண்டு பயப்பட வேண்டும் என்றே தெரியாதே!

டவுன் பஸ் பிடித்து, இறங்கி, சந்துக்குள் ஓடினேன். எங்கள் வீட்டு வாசலில் டேனியலும் அவர் மனைவியும். அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால்... வசந்தா தரையில் உட்கார்ந்து நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு... ஒண்ணும் இல்லையே? டேனியல் சொன்னாரா?"

"சொன்னாரு. தங்கம் எடுத்துட்டீங்கன்னு பிடிச்சு வெச்சிருக்காங்களாம்." கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவள்.

"நீ பயப்படலையா?"

"எனக்கு எதுக்குப் பயம்? நான் நம்பவே இல்ல. திருடறதுக்குத் தைரியம் வேணுமே... உங்ககிட்ட அது ஏது?"

நான் அப்படியே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன். அவள் எழுந்து வந்து என் சட்டையை முகர்ந்தாள். "அழுகை நக்கோ, வேண்டாம். முதல்ல குளிங்க... குழந்தைக்கு இந்த நாத்தம் ஆவாது" என்றாள். அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அன்றைக்கே தாடியையும் எடுத்தேன்.

அதுதான் இப்போது பிரஷர் செக் பண்ணச் சொல்கிறது.

நேற்றுச் சாயந்தரம் வீட்டில் யாரும் இல்லை. வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். சோபாவுக்கு அடியிலிருந்து மீட்ட குழாயைத் திறந்தேன். இந்தத் தடவை விஷயம் தெரிந்தவனாக முனையை பிளேடால் வெட்டினேன். கொளுத்தினேன். அருமையாகப் புகை வந்தது. வாயில் நிறுத்தினேன். காத்திருந்தேன்.

சப்பென்று இருந்தது. கசப்பு உண்டு, பாகு இல்லை. மண் இல்லை. மிளகு இல்லை. மாப்பிள்ளையை ஏமாற்றிவிட்டார்களோ?

கொஞ்ச நேரம் யோசித்தேன். எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மாடிப்படியில் யாரோ ஏறிவரும் சத்தம்...

வந்தது ருசி.