வெந்த சோற்றை அளந்தவன்

அம்மாவின் இரைப்பையை அறுத்துச் சிறிதாக்கிய பிறகு, அவள் ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று முடிவு செய்துகொண்டிருந்தவன் நான். அந்த அதிகாரத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. வீட்டில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அது தானாகவே என் கைக்கு வந்திருந்தது.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் காலனி எங்களுடையது. அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மா நடவு, களையெடுப்பு, மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்குப் பெயர்) ஆய்தல் என்று கூப்பிட்ட வேலைக்குப் போனவள். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ரேஷன் கார்டு, கரண்ட் அட்டை, கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் என்னிடம்தான் வரும். நான் வாசித்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. பிறகு கல்லூரி முடித்து, விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது அப்பா என்னைக் 'கலெக்டரே' என்று கூப்பிட ஆரம்பித்தார். பாதி கிண்டல், பாதி பெருமை. எனக்குப் பெருமை மட்டும்தான் காதில் விழுந்தது.

அம்மா நூற்றுப் பதினாறு கிலோ. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, சர்க்கரையும் ஏறிக்கொண்டே இருந்தது. ஷேர் ஆட்டோக்காரர் அவளைப் பார்த்ததும், "ஆயா ஏறினா ரெண்டு பேரை எறக்கணும், பின்னால வண்டி வருது பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். உடம்பைக் குறைக்காமல் முட்டியைத் தொட முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கையெழுத்துப் போட்டது நான். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, வாழைக்காய் அளவுக்கு ஒரு குழாயை மட்டும் விட்டுவைத்திருப்பதாக நான்தான் அப்பாவுக்கு விளக்கினேன்.

"மிச்சத்த இன்னா பண்ணாங்க?" என்றார் அப்பா.

"தூக்கிப் போட்டிருப்பாங்க நைனா."

"கேட்டு வாங்கியாந்திருந்தா போட்டிக் கறி வறுத்திருக்கலாமே. எம்மாம் பெரிய வயிறு!"

கட்டிலில் படுத்திருந்த அம்மாவும் சிரித்தாள். தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

முதல் மாதம் தண்ணீராகவே ஆகாரம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சின்ன டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக. அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி சென்னைக்குப் போனோம். உணவு ஆலோசகர் ஒரு பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். இனிமேல் கெட்டியான ஆகாரம் தொடங்கலாம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். நான் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மருந்து வாங்கும் வரிசைக்கு ஓடினேன். அங்கே கூட்டம். திரும்பி வந்தபோது அந்த ஆலோசகர் அம்மாவிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லி முடித்திருந்தார். அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தேன். காலை: கேப்பை மாவு இருபது கிராம். மதியம்: அரிசி இருபது, பாசிப்பருப்பு முப்பது. இரவு: ரவை இருபது. நடுவில் ஒரு முட்டை வெள்ளை, ஒரு கரண்டி புரதப் பொடி. போனில் பார்த்து உள்ளங்கை அகலத்தில் ஒரு டிஜிட்டல் தராசு வரவழைத்தேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நகைக் கட வெக்கப் போறியா கலெக்டரே?" என்றார்.

மறுநாள் மதியம் அம்மா குழைய வடித்து, பருப்பு வேக வைத்திருந்தாள். நான் தராசின் மேல் கிண்ணத்தை வைத்துச் சோற்றை எடுத்துப் போட்டேன். ஒரு கரண்டிகூட முழுசாக விழவில்லை, இருபதைக் காட்டியது. பருப்பு முப்பது. இரண்டையும் சேர்த்தாலும் கிண்ணத்தின் அடி தெரிந்தது.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னாடா இது?"

"இருவது கிராம்மா. இவ்ளோதான்."

"டேய், அது அரிசியா இருக்கும்போது அளக்கறது. அந்தப் பொண்ணு அப்படித்தான் சொல்லுச்சு. அரிசிய அளந்து போடு, பருப்ப அளந்து போடு, வெந்ததும் எவ்ளோ வருதோ மெல்ல துன்னுன்னு."

"பேப்பர்ல அப்படி எழுதலயே."

"வாயால சொல்லுச்சுடா. நீ மருந்து வாங்கப் பூட்ட. வெந்த சோத்த எவன்டா அளப்பான்?"

இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அரிசியை ஆழாக்கால் அளந்து உலையில் போடுவார்கள். வெந்த பிறகு அளவு கிடையாது, தட்டைப் பார்த்து, ஆளைப் பார்த்துப் போடுவார்கள். வெந்ததை அளந்தால் வீட்டில் நிற்காது என்பார்கள். அதையெல்லாம் நான் மூடப் பழக்கம் என்று ஒரு மூலையில் போட்டுவிட்டிருந்தேன். அம்மா சொன்னதையும் அந்த மூலையிலேயே போட்டேன்.

"உனக்கு இன்னாம்மா தெரியும்? தின்னணும்னு இருக்கு, அதுக்கு ஒரு சாக்கு சொல்ற. வயிறு எவ்ளோன்னு தெரியுமா உனக்கு? வாழைக்கா அளவு. நீ ஊர்க் கதை பேசினு கிடந்தா தையல் பிரிஞ்சுக்கும்."

தையல் பிரிந்துவிடும் என்றதும் அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் வாசித்துச் சொன்னேன், அதற்கு மேல் பேச்சில்லை. நான்கு வாயில் சோறு முடிந்தது. கிண்ணத்தை விரலால் வழித்தாள்.

வேலை நாட்களில் மதியத்துக்கானதைக் காலையிலேயே அளந்து மூடி வைத்துவிட்டுப் போவேன். வாரா வாரம் எடை இறங்கியது. நான் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன். அலுவலகத்தில் காட்டினேன். "அம்மாவ இப்படிப் பாத்துக்கற புள்ள எங்க இருக்கு!" என்றார் எங்கள் கண்காணிப்பாளர். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று நான் இன்னும் கறாராக அளந்தேன். இருபத்தொன்று காட்டினால் ஒரு பருக்கையை எடுத்து வெளியே வைத்தேன். ஆம், ஒரு பருக்கையை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் ரயில் சீக்கிரம் கிடைத்து நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா பின்பக்கம், மல்லாட்டை உலர்த்தியிருந்த சாக்கின் அருகே, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தாடை அசைந்தது. என்னைக் கண்டதும் அசைவு நின்றது. முந்தானையைப் பிடித்து இழுத்தேன். தோலுரித்த மல்லாட்டைப் பருப்பு கொட்டியது.

"துப்பு."

அவள் தலையை ஆட்டினாள்.

"துப்புமா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். துப்பு."

என் உள்ளங்கையை அவள் வாய்க்குக் கீழே நீட்டினேன். துப்பினாள். பாதி மென்ற மல்லாட்டை, எச்சிலோடு சூடாக விழுந்தது. நான் அதை உள்ளே கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். பதினொரு கிராம். தராசைத் தூக்கி வந்து அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். அவளுக்கு எண் படிக்கத் தெரியும், பஸ் நம்பர் பார்க்கிற அளவுக்கு.

"பதினொண்ணு! உன் ராத்திரிச் சாப்பாட்டுல பாதி. இன்னிக்கு ராத்திரி பாதி ரவைதான்."

அப்போது அம்மா சொன்னாள். கத்தவில்லை. களையெடுக்கும்போது பக்கத்து வரிசைக்காரியிடம் பேசுகிற குரல் அது.

"ஒம்போது வயசுல ஆண்டை வூட்டுக்கு வேலைக்குப் போனேன்டா. அந்தம்மா வாசல்ல நின்னுக்கினு கூழு ஊத்தும். கொட்டாங்கச்சி அகப்பையில அளந்து. பெரிய பொம்பளைக்கு மூணு, என்னப்போல பொட்டைக்கு ரெண்டு. ஒருத்தி ஏந்துன கையை எடுக்காம இன்னும் கொஞ்சம்னு நின்னா, அகப்பையாலயே மணிக்கட்டுல அடிக்கும். அந்தம்மா கூட வாய்க்குள்ள போனதத் திரும்ப எடுத்து அளக்கல."

நான் என்ன செய்தேன் என்று எழுதியாக வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு வந்து, ரவையைக் கிளறி, பத்து கிராம் எடுத்து வைத்தேன். சொன்னபடி.

அதன் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை, திருடவும் இல்லை. அளந்து வைத்ததைத் தின்றாள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. கன்னம் ஒட்டி, புஜத்துத் தோல் ஈரத்துணி போலத் தொங்கியது. தெருவில் அவளுக்குப் புதுப் பெயர்கள் முளைத்தன. முன்பு குண்டு பூசணி என்றவர்கள் இப்போது வேறு பேசினார்கள். எதிர்வீட்டு அத்தை என் காதில் விழும்படியே அம்மாவிடம் கேட்டாள்:

"ஏண்டி, சீக்கா? வேற எதுனாவா? புள்ள சொல்லாம மறைக்குதா? சேலையத் தோள்ல நிறுத்த ஆணி அடிச்சுக்கணும் போல கீறியே!"

"ஆபரேசன் பண்ணா இப்படித்தானாம். எம்புள்ள படிச்சுட்டு சொல்லுது."

ஒரு காலையில் தெருக் குழாயடியில் விழுந்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றினாளாம், அப்படியே குடத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாளாம். "காத்துல சாஞ்சிட்டா பாரு" என்று முதலில் சிரித்திருக்கிறார்கள். எழுந்திருக்காததைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஆள் வந்தது. தூக்கும்போது எனக்குப் பழைய கனம் தெரியவில்லை. அந்த நேரத்திலும் ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் உடனே காட்டுங்கள் என்றார்கள்.

மறுநாளே சென்னை. அதே உணவு ஆலோசகர். அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், புஜத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா சாப்பிடறீங்க? சாப்பிடறீங்களா இல்லையா?"

நான் நோட்டை எடுத்து நீட்டினேன். ஒவ்வொரு வேளையும் எழுதியிருந்தேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது.

"சோறு இருபது, பருப்பு முப்பது... இது பச்சையா அளந்ததா, வெந்ததுக்கு அப்புறமா?"

கேள்வி முடிவதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மாதமும், ஒவ்வொரு கிண்ணமும், அந்தப் பருக்கையும் புரிந்துவிட்டது.

"வெந்ததா?" அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "மூணுல ஒரு பங்குகூட உள்ள போகலயே! புரதமே இல்ல. உடம்பு தசையைத் தின்னுட்டிருக்கு. ஏம்மா, உங்ககிட்ட அன்னிக்கு அவ்ளோ சொன்னேனே? பச்சையா இருக்கும்போது அளக்கணும், பச்சையா இருக்கும்போதுன்னு மூணு தடவ சொன்னேனே?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்மா," என்றாள் அம்மா. "சொன்ன. நாந்தான் மறந்து பூட்டேன். எழுத்தறியாத கட்டை. புள்ளைக்கு மாத்திச் சொல்லிட்டேன்."

"உயிரோட விளையாட்டாம்மா இது? கையெழுத்துப் போட்டு, ஆபரேஷன் பண்ணி, கடைசில ஒரு வார்த்தைய ஞாபகம் வச்சுக்க முடியலன்னா எப்படி?" அவர் அவளைத் திட்டினார். உண்மையான கோபம். நியாயமான கோபம். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார்.

"சார், நீங்க படிச்சவரு. இவ்ளோ அழகா நோட்டு போட்டிருக்கீங்க. இனிமே நான் சொல்றதை நீங்களே பக்கத்துல இருந்து கேட்டுக்கங்க. இவங்க சொல்றதை நம்பாதீங்க."

"சரிங்க மேடம்," என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையை நான்தான் சொன்னேன். பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறு யாரும் சொல்லவில்லை.

புதிய தாளில் 'பச்சையாக அளக்கவும்' என்று அவரே பேனாவால் எழுதி அடிக்கோடிட்டுக் கொடுத்தார். மருந்தும் ஊசியும் எழுதினார். பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கினாள், அல்லது கண்ணை மூடியிருந்தாள். திண்டிவனத்தில் இறங்கியதும் அவளைப் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் உட்கார வைத்து, ஒரு இட்லியும் சாம்பாரும் சொன்னேன். அவள் இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டு, ஒவ்வொரு துண்டையும் வெகுநேரம் மென்றாள். முழு இட்லியும் உள்ளே போனது. தையல் பிரியவில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் இலைத்துண்டில் ஒட்டியிருந்த சாம்பாரை விரலால் தொட்டு நக்கினாள்.

"கொஞ்ச நேரம் பாத்தேன். நீ சொல்லுவன்னு."

கடைக்காரர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். எனக்குப் பேச ஏதாவது வேண்டியிருந்தது.

"இன்னொரு இட்லி சொல்லட்டாம்மா? பாதியாவது?"

"எத்தினி கிராமு இருக்கும்?" என்று கேட்டாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை. கையைத் தட்டின் மேல் வைத்துக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.