இரண்டிலும் வெள்ளைப் பூ

அம்மன் சன்னதியில் நான் கள்ளத்தனம் செய்தேன். பூக்கட்டிப் பார்த்தபோது இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டினேன்.

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... என் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன்.

ஒரு காருக்காக இதைச் செய்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கல்யாணம், பிள்ளை, கோர்ட்டு வழக்கு என்று ஊரார் அம்மனிடம் கேட்க எத்தனையோ இருக்கிறது. நாங்கள் போய் நின்றது, அமெரிக்கக் காரா ஜெர்மன் காரா என்று கேட்பதற்கு!

என் கணவருக்குக் கார்ப் பைத்தியம். மேலகரத்தில் வயலும் தோப்பும் இருந்தன. மேற்பார்வைக்கு ஆள் இருந்தது. அவருக்கு வேறு வேலை இல்லை. செங்கோட்டைக்கு மேலே மலையில் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் தேசத்துக்கே திரும்பிப் போகிறார், அவரிடம் இருக்கும் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் நாம் கேட்பதைக் கொடுப்பார் என்று சேதி வந்தது. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

சாப்பிட உட்கார்ந்தால் இலையில் ரசத்தைக் கோடாக இழுத்து மலைப்பாதை வரைவார். அமெரிக்கக் கார் ஆனை மாதிரி இழுக்குமாம். ஆனால் வளைவில் பின்பக்கம் வழுக்குமாம், ஸ்டியரிங் வேறு இடது பக்கமாம், பெட்ரோலைக் கழனித் தண்ணிபோலக் குடிக்குமாம். ஜெர்மன் கார் சின்னதாம். ஆனால் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகுமாம், எஞ்சினில் ஒரு திருகாணிகூட வீண் கிடையாதாம். காலையில் ஜெர்மனி ஜெயிக்கும். விளக்கு வைப்பதற்குள் அமெரிக்கா ஜெயித்துவிடும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிற்று.

எனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? நான் பார்த்தது இருக்கையை மட்டும்தான். அமெரிக்கக் காரில் பின்னாலும் இரண்டு பேர் உட்காரலாம். ஜெர்மன் காரில் பின்னிருக்கையே கிடையாது. மொத்தமே இருவர்தான்.

கோமதியைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும்.

கோமதி அவருடைய தங்கை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயதுதான். கல்யாணமாகிச் சுரண்டைக்குப் போனவள், கொஞ்ச காலத்திலேயே புருஷனை இழந்து, வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் மருமகளாக வந்த நாள் முதல், நானும் அவரும் இருவராக எங்கும் போனதே இல்லை. வாடகைக் காரோ, வில்வண்டியோ... கோமதியும் உண்டு. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால், "கோமதி, அருவிக்குப் போவமா?" என்று அவளைத்தான் கேட்பார். நான் பக்கத்தில் நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றிக்குப் பற்றுப்போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வருஷம் முழுவதும் அடுப்படியில் கிடந்தவள், அந்த ஆனி ஆடிச் சாரலுக்காக மட்டுமே காத்திருந்தாள். அருவிக்கு அடியில் எல்லாச் சேலையும் ஒன்றுபோல நனைந்து கிடக்கும், அங்கே தன்னை யாரும் ஒதுங்கச் சொல்வதில்லை என்று ஒருமுறை என்னிடமே சொன்னாள். இதைத் தெரிந்துகொண்டுதான் செய்தேன்... தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

துரையின் டிரைவர் முதலில் அமெரிக்கக் காரைக் கொண்டுவந்து விட்டார். செக்கச் சிவப்பு. மேல்மூடியை மடக்கிவிட்டு, என் கணவரும் நானும் முன்னால், கோமதி பின்னால் உட்கார்ந்து பழைய குற்றாலம் வரை போனோம். காற்றில் முந்தானை பறக்க, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. என் கணவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, இதையே வாங்கிவிடுவோமா என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி ஆயுசுக்கும் இவள் பின்னால் உட்கார்ந்து வருவாள் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

மறுநாள் ஜெர்மன் காரை ஓட்டிப் பார்த்தவர் மறுபடியும் குழம்பினார். கடைசியில், தென்காசிக் கோவிலில் உலகம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். சிவப்பு அரளி வந்தால் அமெரிக்கக் கார். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் ஜெர்மன் கார். வீட்டுக்காரி என்பதால் பூவைக் கட்டும் பொறுப்பு எனக்கு.

வாழையிலைத் துண்டில் வைத்து நாரால் கட்டினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்றைக்கு அதைச் சொல்லியாவது கொஞ்சம் ஆறுதல் பட்டிருப்பேன்... பறித்து வைத்திருந்த அரளியைக் கொல்லையில் வீசிவிட்டுப் புறப்பட்டேன்.

அர்ச்சகர் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துத் தந்தார். வெள்ளை. என் கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மிஞ்சிய பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கோமதி பிரித்தாள். பிரகாரத்தில் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவள், தட்டிலிருந்து அதை எடுத்துச் சும்மாதான் பிரித்தாள். நான் திரும்பினேன். அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணனிடம் போய், நல்ல வண்டிதான் வந்திருக்கிறது என்று சொன்னாள்.

சொல்லிவிடுவாள், சொல்லிவிடுவாள் என்று எத்தனை நாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்! அவள் சொல்லவே இல்லை.

அந்த வருஷச் சாரலில் நானும் அவரும் ஜெர்மன் காரில் ஐந்தருவிக்குப் போனோம். எனக்கு அழுகை வந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது... வரவில்லை. சந்தோஷமாக இருந்தேன்! அவர் பக்கத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அதை மறைத்தால் இந்த வாக்குமூலமும் இன்னொரு பொய்யாகிவிடும்.

ஒரு நாள் நான், ஒரு நாள் கோமதி என்று முறைவைத்து அழைத்துப் போவதாக அவர் சொல்லிப் பார்த்தார். "ரெண்டு பேரு வண்டி அண்ணே. நீங்களும் மதினியும் போயிட்டு வாங்க" என்று அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவர் என்னிடம் காரணம் கேட்டார். புதுக் கார் வந்ததிலிருந்து அவள் முகமே சரியில்லை, நாம் இருவராகப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் பேச்சுக் குறைந்தது. அடுத்தடுத்த சாரலுக்கு அவர் அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்.

பிறகு ஒரு நாள் சுரண்டையிலிருந்து அவள் புருஷனுடைய அண்ணன் வந்தார். அவர் வீட்டில் சோறு பொங்க ஆள் இல்லை. கோமதி போகிறேன் என்றாள். என் கணவர் தடுக்கவில்லை. கொண்டுபோய் விடுவதற்காகக் காரை மட்டும் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவளுடைய தகரப்பெட்டியை வைக்க அதில் இடமில்லை. மடியில் வைத்தும் பார்த்தாள்; கதவு மூடவில்லை. போகிறவள் பஸ்ஸிலேயே போகட்டும் என்று அவர் உள்ளே போய்விட்டார். நான்தான் வண்டி கட்டித் தென்காசி பஸ் நிறுத்தம் வரை போனேன்.

சுரண்டை பஸ் வந்து நின்றது. பெட்டியை மேலே ஏற்றிய பிறகு, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தியன்னா, நானே வரலன்னு சொல்லியிருப்பேன் மதினி. அம்மன எதுக்கு இழுத்திய?"

திட்டியிருக்கலாமே... ஊரைக் கூட்டி என்னைக் காறித் துப்பியிருக்கலாமே! அவள் குரலில் கோபமே இல்லை. பஸ் புறப்பட்டுப் போயிற்று.

அதன் பிறகு அவள் குற்றாலத்துக்கு வந்ததே இல்லை என்று சுரண்டைச் சந்தைக்குப் போய்வருகிறவர்கள் சொல்கிறார்கள். அந்த வீட்டில் அவளை யார் அழைத்து வருவார்கள்? இங்கேயோ, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், ஒரு காருக்காக அண்ணனை உதறிவிட்டுப் போனவள் என்று அவளைப் பற்றி என் கணவர் பேசுகிறார். நான் அவர்களுக்குக் காப்பி கொண்டுபோய் வைக்கிறேன். ஒரே ஒரு வாக்கியம் போதும், அவள் மேலிருக்கும் அந்தப் பழி கழன்றுவிடும். அதைச் சொல்லாமலே காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம்தான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஜெர்மன் காருக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை; அது ஓடாமல் போய் வெகுகாலம் ஆயிற்று. இப்போது எங்களிடம் இருப்பது எல்லோரும் வைத்திருக்கும் சாதாரணக் கார். பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இருக்கை சும்மா கிடக்கிறது.

இன்று காலை சாரல் தொடங்கியது. அவருக்கு வயதாகிவிட்டது, கோபமும் தளர்ந்துவிட்டது போலும். காப்பியைக் குடித்துவிட்டு, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலைப் பார்த்து நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, சுரண்டைக்குப் போயி கோமதியக் கூட்டிட்டு வருவமா? அருவியில குளிச்சிட்டுப் போகட்டும்."

உங்களிடம் இவ்வளவும் சொல்ல வேண்டும் என்று நேற்றே தீர்மானித்திருந்தவள் நான். எழுதுவதற்குத் தாள்கூட எடுத்து வைத்திருந்தேன். அவள் வந்தாலும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

"போன மாசமே ஆள் விட்டுக் கேட்டேன். வரலன்னு சொல்லிட்டாளாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சாவியை மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் யாரையும் அனுப்பிக் கேட்கவில்லை.