நான் வெட்டிய பெயர்

எங்கள் பாராளுமன்றத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உண்டு. அதில் கிள்ளியூரில், கடலோரத்து வாக்குச்சாவடி ஒன்றின் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது புதுக்கடை முழுக்கத் தெரியும். நாலு மணிக்குப் பள்ளி விட்டதும், பஸ் பிடித்து, கடற்கரை மணலில் செருப்பு புதையப் புதைய வீடு வீடாக ஏறி இறங்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடக்கும். ஆண்கள் கடலில், பெண்கள் மீன் விற்கப் போயிருப்பார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு, மாதா கோயில் முற்றத்தில் மேசை போட்டு, வாக்காளர்கள் நிரப்பிய படிவங்களை வாங்கினேன். வரிசையில் வந்த ஒருத்தி இரண்டு படிவங்களை நீட்டினாள். ஒன்று அவளுடையது, மற்றது புருஷனுடையது. அவர் கல்ஃபில் ஒரு முதலாளியின் போட்டில் மீன்பிடிக்கிறார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார், அவருக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. காலையில் குடித்த காப்பியோடு நின்றுகொண்டிருந்தேன். ஆள் வரட்டும், வந்து போடட்டும் என்று வெடுக்கென்று சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடுத்த ஆள் என்று நான் கூப்பிட்டுவிட்டேன். கடைசித் தேதி நெருங்கியபோது, அந்த மனிதரின் பெயருக்கு எதிரே ‘நிரந்தரமாக இடம் மாறியவர்’ என்று எழுதிக் கணக்கை முடித்தேன்.

விதி தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. என் தம்பியும் துபாயில்தான் இருக்கிறான். அவன் படிவத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து அம்மா கையெழுத்துப் போட்டாள். வீட்டில் உள்ளவர்கள் போடலாம் என்று அவளுக்குச் சொன்னதே நான்தான். என் தம்பி இடம் மாறியவன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடற்கரைக்காரன் மட்டும் எப்படி மாறிப்போனான்? இதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சில மாதம் கழித்து அதே பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் மீன் விற்கும் சருவப் பானை இல்லை. அழுது முகம் வீங்கியிருந்தது. புருஷன் போன போட், எல்லை தாண்டி வேறொரு நாட்டுக் கடலுக்குள் போய்விட்டதாம். போட்டோடு எல்லாரையும் பிடித்து அடைத்துவிட்டார்கள். எம்.பி. ஒரு கடிதம் கொடுத்தால் டெல்லியிலிருந்து அங்குள்ள தூதரகத்துக்குப் பேசுவார்கள் என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள்.

“எனக்கு வேற டீச்சர்மார அறியாது. நீங்கதான் இங்கிலீசுல ஒண்ணு எழுதித் தரணும்,” என்றாள்.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். கூடவே போகவும் செய்தேன். பாவம் பார்த்துப் போனேன் என்றுதான் அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவர் பெயரை வெட்டியது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

எம்.பி. அலுவலகத்தில் நல்ல கூட்டம். ரயில் டிக்கெட் உறுதியாக வேண்டியவர்கள், ஆஸ்பத்திரிக் காரியமாக வந்தவர்கள், ரோடு கேட்டு வந்த ஒரு ஊரே இருந்தது. எங்கள் முறை வந்ததும் உதவியாளர் மனுவைப் படித்துவிட்டு, அந்த ஆளுடைய பாஸ்போர்ட் நகல் கேட்டார். பாஸ்போர்ட் கல்ஃபில் முதலாளி கையில், நகல் எடுத்து வைக்கவில்லை. வாக்காளர் அட்டை இருக்கிறது என்று அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அந்த நம்பரைப் போனில் போட்டுப் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். பிறகு, பட்டியலில் பெயர் இல்லையே, ஆள் நம் தொகுதிக்காரர்தானா என்று அவளிடம் கேட்டார்.

நான் வெட்டிய பெயர் அது என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் பதறிப்போய், அவர் பிறந்ததும் ஞானஸ்நானம் வாங்கியதும் கலியாணம் கழித்ததும் எல்லாம் இந்தக் கடற்கரையில்தான் என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் அந்த அட்டையை உதவியாளர் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அந்தச் சாவடிக்கு நான்தான் பொறுப்பு, பெயரை எடுத்ததும் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணைக்கே நான் சொன்னனே டீச்சரே,” என்றாள். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உதவியாளர் நல்ல மனிதர். பட்டியலில் பேர் இல்லாவிட்டாலும் நம் ஆள் நம் ஆள்தான், ஆனால் டெல்லிக்கு எழுத ஏதாவது ஆதாரம் வேண்டும், பாஸ்போர்ட் நம்பரும் பங்குச் சாமியாரின் கடிதமும் கொண்டுவாருங்கள் என்றார். அன்று சாயங்காலமே எம்.பி. டெல்லிக்குப் புறப்பட இருந்தார். அந்தப் பயணத்தோடு போயிருக்க வேண்டிய கடிதம் போகவில்லை. முதலாளியின் ஆட்களிடமிருந்து பாஸ்போர்ட் நம்பர் வாட்ஸப்பில் வந்து சேர ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால் ஒருவன் கூடுதலாக ஒன்பது நாள் உள்ளே கிடக்கிறான் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கிடையே அவர் பெயரைத் திரும்பச் சேர்க்கும் படிவத்தையும் நானே நிரப்பி, அவளிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

கடைசியில் கடிதம் டெல்லிக்குப் போய், அவர் விடுதலையாகி ஊர் வந்து சேர்ந்தார். கேள்விப்பட்ட மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இளைத்துக் கறுத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். டீச்சர் எழுதிய கடிதம்தான் தன்னைக் கரைசேர்த்தது என்றார். அவள் அடுக்களையில் தேயிலை போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை அவள் அவரிடம் சொல்லவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

உங்கள் பெயர் பட்டியலில் திரும்ப வந்துவிட்டது என்றேன். திரும்பவா, எங்கே போயிருந்தது என்று அவர் கேட்டார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் தம்பிக்கு அம்மா கையெழுத்துப் போட்டது உட்பட. என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் சிரித்தார். எனக்கு ஆறுதல் சொல்வதாகவே நினைத்துத்தான் சொன்னார்.

“அது போவட்டும் டீச்சரே. அங்க அடைச்சுப் போட்டிருந்த எடத்துல காலையிலயும் சாயங்காலமும் லிஸ்ட வச்சுப் பேரு விளிப்பானுவ. ஒரு நாளு கூட எனக்க பேர விட்டதில்ல.”