நூலால் அறுத்த கடல்பாசி

என் மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. உள்ளே குச்சி கிடையாது. காயத்துக்குக் கட்டும் துணியிலிருந்து உருவிய ஒரு முழ நூல் மட்டும் சுருண்டு கிடக்கிறது. வீடு பெருக்க வரும் பெண் அதைக் குப்பை என்று எறியப் பார்ப்பாள். "இன்னா தாத்தா, நூலையெல்லாம் பொத்திப் பொத்தி வெக்கிறே?" என்பாள். "அது நூல் இல்லம்மா, கத்தி" என்பேன். கிழவனுக்கு வயசாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அவள் போனபின் இந்த விவேக் நகர் வீட்டில் பேச்சுத்துணைக்கு நானும் ரேடியோவும்தான்.

பெரிய சண்டை நடந்த காலம் அது. பெங்களூர் கண்டோன்மென்டில் பட்டாளத்து ஆஸ்பத்திரியொன்றில், குசினியிலிருந்து வார்டுகளுக்குச் சாப்பாடு தூக்கும் வேலை எனக்கு. குசினிக்குத் தலைவர் என் தாய்மாமா. மர்பி டவுனில் ஒரே வீட்டில் இருந்தோம். விடியற்காலையில் ஒன்றாக நடந்து போவோம். பர்மாப் பக்கமிருந்து அடிபட்டவர்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் மட்டும் எதிரிப் பக்கத்து ஆள். காலில் குண்டு, உடம்பெல்லாம் காய்ச்சல். வராந்தாவின் கடைசியில் கட்டில் போட்டு, தட்டி வைத்து மறைத்து, பக்கத்தில் ஒரு சிப்பாயைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். 'ஜப்பான்காரன்' என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஜப்பான்காரனிடம் குண்டடி பட்டவர்கள் நிறைந்த வார்டு. அந்தத் தட்டிப் பக்கம் யாரும் திரும்பவே மாட்டார்கள்.

கொண்டுபோன தட்டு கொண்டுபோனபடியே திரும்பி வரும். ரொட்டி வேண்டாம், கஞ்சி வேண்டாம், சூப் வேண்டாம். வயிற்றுக்குள் ஏதாவது போகாவிட்டால் கால் ஆறாது, ஆளும் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு அது மானப் பிரச்சினை. தன் குசினித் தட்டு நிறைந்தபடி திரும்பினால், தன்னை யாரோ அறைந்த மாதிரி இருக்கும் அவருக்கு. "பேரைச் சொல்லிக் குடுத்தாதான்டா சோறு தொண்டையில இறங்கும். ஜப்பான்காரா, ஜப்பான்காரான்னு நீட்டுனா நாய் கூடத் தின்னாது" என்று சொல்லி, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் என்னோடு வந்தார்.

கட்டிலருகே நின்று, தன் மார்பைத் தொட்டுத் தன் பெயரைச் சொன்னார். பிறகு அவரைக் காட்டி, "நீ? ஜப்பான்?" என்றார். படுத்திருந்தவர் பாதி எழுந்துவிட்டார். தலையை வேகமாக ஆட்டினார். மார்பில் தட்டித் தட்டி, "ஜோசன்! ஜோசன்!" என்றார். மாமாவின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க வேண்டும். "அடப்பாவி, இவன் நம்ம வேதக்கார ஆளுடா! ஜோசப்பு! சூசையப்பர் பேரு வெச்சிருக்காங்க. அந்த ஊரு நாக்குக்கு ஜோசன்னு வருது. அவன் சொல்ற மாதிரியே நாமளும் கூப்பிடுவோம்." அன்று முதல் குசினியில் அவர் ஜோசன். "ஜோசனுக்கு ஆச்சா?" "ஜோசன் எழுந்தாரா?" நான் தட்டிக்கு வெளியே நின்று "ஜோசன்" என்று கூப்பிட்டால், உள்ளே கட்டில் கிரீச்சிடும், எழுந்து உட்கார்ந்திருப்பார். ஆனால் சாப்பாடு மட்டும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பிறகொரு நாள், உனக்கு என்னதான் வேண்டும் என்று மாமா சைகையில் கேட்டார். ஜோசன் கையை அலை மாதிரி ஆட்டினார். குனிந்து எதையோ பறித்தார், வெயிலில் பரப்பினார், கொதிக்க வைத்தார். கடைசியில் இழை இழையாகத் தூக்கி உறிஞ்சுவதுபோல் உதட்டைக் குவித்துச் சத்தம் செய்தார். மாமா யோசித்தார். "கடல்... பாசி... சேவை மாதிரி இழை." குசினிக்கு மளிகை போடும் பாய் உடனே சொன்னார்: "கடல்பாசிதானே மாமு? ரம்ஜானுக்கு எங்க வூட்ல காச்சறது. நாளைக்கே கொண்டாறேன்."

கொண்டு வந்ததைப் பார்த்தால், காய்ந்த சேவையேதான். வெள்ளை வெள்ளையாக இழைகள். பாயிடம் பக்குவம் கேட்க மாமாவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சேவையை வேக வைப்பது போலக் கொதிநீரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போனார். வந்து பார்த்தால் பானையில் இழை ஒன்றுகூட இல்லை, வெறும் தண்ணீர். "போச்சு! கடல்லேர்ந்து வந்தது தண்ணியாவே பூடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். மார்கழி மாதம்; பெங்களூர்க் குளிரில் காலைக்குள் அது கட்டியாக உறைந்து நின்றது. கொட்டிவிடச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. ஒரு துண்டு வெட்டித் தட்டில் கவிழ்த்துக் கொண்டுபோனேன்.

ஜோசன் அதை விரலால் தொட்டார். அது நடுங்கியது. கத்தி வேண்டும் என்று கை காட்டினார். காவல்காரச் சிப்பாய் முறைத்தான். உடனே தன் கால்கட்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார். கொதிதண்ணீரில் அலசித் தரும்படி சைகை செய்தார். ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறு நுனியைக் கையில் இழுத்துப் பிடித்து, அந்தக் கட்டியை மெல்ல மெல்ல அறுத்தார். மாமா வேக வைத்துத் தொலைத்த இழைகள் ஒவ்வொன்றாகத் தட்டில் வந்து விழுந்தன. என் சட்டைப் பையிலிருந்த அவித்த கடலைக்காயை எடுத்து, அரைப்பதுபோல் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். குசினிக்கு ஓடினேன். மாமா அம்மியில் வைத்து, பால் பாலாக அரைத்து, உப்பும் பச்சைத்தண்ணீரும் கலந்து தானே தூக்கி வந்தார். ஜோசன் கிண்ணத்தை வாயோடு வைத்து உறிஞ்சிய சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பாதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். காலிக் கிண்ணத்தை மாமாவிடம் இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து வெகுநேரம் அழுதார். "உறைச்சிருச்சோ?" என்றார் மாமா, அதில் மிளகாயே போடவில்லை என்பதை மறந்து.

அதற்குப் பிறகு கஞ்சியும் இறங்கியது, ரொட்டியும் இறங்கியது. கால் ஆறியது. வேறு முகாமுக்கு அனுப்புவதாக ஒரு லாரி வந்தது. ஏற்றும்போது மாமா குசினி வாசலிலிருந்து "ஜோசன்!" என்று கத்தினார். அவர் சட்டென்று நிமிர்ந்து, பட்டாளத்து மரியாதை மாதிரி விறைப்பாக நின்றார். அவ்வளவுதான், லாரி போய்விட்டது. தட்டியை மடக்கும்போது கட்டிலடியில் கிடந்தது இந்த நூல்.

பல வருஷம் கழித்து, கொரியாவில் சண்டை நடந்த சமயம், சவரக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அந்தத் தேசத்தை ஜப்பான்காரர்கள் வெகுகாலம் பிடித்து வைத்திருந்து, அந்த ஊர் ஆண்களைத் தங்கள் பட்டாளத்திலும் சேர்த்தார்களாம். அந்த ஊர் ஜனங்கள் தங்கள் நாட்டைச் சொல்லும் பழைய பெயர் ஜோசனாம். முகத்தில் சோப்பு நுரையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் ஜப்பான்காரன் இல்லை, என் நாடு வேறு என்றுதான் அவர் மார்பில் அடித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் அதைப் பெயராக்கிக் கூப்பிட்டிருக்கிறோம். எங்கோ ஓர் அந்நிய ஊர் வராந்தாக் கோடியில், காலையும் மாலையும் தன் நாட்டை யாரோ கூவி அழைப்பதைக் கேட்டுத்தான் அவர் எழுந்து உட்கார்ந்தாரோ? மாமாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மாமா அதற்கு முன்பே கல்லறைக்குப் போய்விட்டிருந்தார். இந்தக் கதை தெரிந்த இன்னொரு ஆள் கிடையாது.

மார்கழி வந்தால் நான் கடல்பாசி காய்ச்சுகிறேன். தீப்பெட்டி நூலைத் தொடுவதில்லை. புது நூல் எடுத்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்து அறுக்கிறேன். இப்போது இருக்கிற பல்லுக்கு அது கொஞ்சம் சிரமம்தான். கடலைப்பாலை ஊற்றி, இரண்டு கிண்ணமாக வைக்கிறேன். எதிர்க் கிண்ணத்துக்கு ஆளைக் கூப்பிடத் தோன்றும். பேரைச் சொல்லிக் கொடுத்தால்தான் இறங்கும் என்பாரே மாமா. அவர் நாட்டைத் தெரியும், குண்டடி பட்ட காலைத் தெரியும், அவர் உறிஞ்சிய சத்தம்கூட இன்னும் காதில் இருக்கிறது. பெயர்தான் தெரியாது. தெரியும் என்று நினைத்திருந்ததால் கேட்கவே இல்லை. "வாங்க, சாப்பிடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் கிண்ணத்தை எடுத்துக்கொள்கிறேன்.