பட்டை ரம்பமும் பக்கத்து வீட்டு அக்காவும்

ஐம்பதுகளின் கடைசி வருடங்களில் ஓசூரில் நடந்தது இது. பெரிய தொழிற்சாலைகள் எதுவும் வராத காலம். மத்திகிரிக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு ஓட்டு வீடு இருந்தது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர்தான். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை.

நான் கடைசல் வேலை செய்பவன். கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பூரிக் கட்டை, பிள்ளைகளுக்குப் பம்பரம் என்று மரத்தில் உருட்டிக் கடைய வேண்டியது எதுவானாலும் செய்வேன். வீட்டு முன்னறைதான் பட்டறை. கல்யாணமாகி இரண்டாம் வருடம். சமையலறையில் என் மனைவி எதைத் திறந்தாலும் அதன்மேல் மரத்தூள் இருக்கும். அதற்காக அவள் என்னோடு சண்டை போட்டதில்லை. பானைகளுக்கு மூடி மட்டும் கேட்பாள், கடைந்து கொடுப்பேன்.

கடைவது எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. அதற்கு முன்னால் மரத்தை அளவாக அறுத்து, மூலையைச் செதுக்கி, உருளையாக்கிக் கொண்டுவருவதில்தான் உயிர் போகும். மரம் அறுப்பவர்கள் கூப்பிட்ட நாளில் வரமாட்டார்கள். பெங்களூருக்கு ஒருமுறை போனபோது ஒரு மரச்சாமான் பட்டறையில் பேண்ட் சா ஓடுவதைப் பார்த்தேன். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி நாடா மாதிரி ஓடும் பட்டை ரம்பம். ஒரு ஆள் வேங்கை மரத்துண்டை அதில் காட்டி வளைத்து வளைத்து அறுத்துக்கொண்டிருந்தார். நான் அரை நாள் வேலையாகச் செய்வதை அவர் பீடி அணைவதற்குள் முடித்தார். அன்று ஊர் திரும்பியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்தப் பட்டறைக்காரரே பெரிய மெஷின் வாங்கப் போவதாகவும், பழையதை விற்றுவிடுவதாகவும் சொல்லியனுப்பினார். கையிலிருந்த சேமிப்பெல்லாம் அதில் போயிற்று. மெஷின் ஒரு லாரியில் வந்து இறங்கியபோது தெருவே கூடி நின்று பார்த்தது. கூடவே பட்டறையின் ஃபிட்டர் ஒருவரும் வந்தார். வீட்டில் கன்னடம் பேசுபவர். வேலை என்று வந்துவிட்டால் கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்.

ஒரு கனமான கல் பலகையைத் தரையில் பதித்து, அதன்மேல் மெஷினை நிறுத்தினோம். மேல் சக்கரத்திலிருந்து நூலில் குண்டைத் தொங்கவிட்டு இரண்டு சக்கரமும் ஒரே நேரில் நிற்கிறதா என்று பார்த்தார். ரம்பத்தை மாட்டி, மோட்டாரைப் போடாமல் கையாலேயே சக்கரத்தைச் சுற்றி, பட்டை ஒரு பக்கமாக நழுவாமல் நடுவில் ஓடும்வரை திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். மேல் சக்கரத்தை மூட வேண்டிய தகரக் கூடு மட்டும் காணவில்லை. பழைய பட்டறையிலேயே எப்போதோ தொலைந்துவிட்டதாம்.

“நோடி, இங்க பாருங்க, மரத்துலயாவது ஒரு கூடு செஞ்சு மாட்டிடுங்க. அது இல்லாம ரொம்ப நாள் ஓட்டாதீங்க. ராத்திரி வேலை முடிஞ்சதும் பட்டையை லூஸ் பண்ணி வெச்சிடணும், மறக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனார். இந்த வாரமே செய்துவிடுகிறேன் என்றேன். மரக் கூடு எனக்கு அரை நாள் வேலை. அந்த அரை நாள்தான் கிடைக்கவேயில்லை.

மோட்டாருக்குக் கரண்ட் இழுக்க வசதியாக, மெஷினைப் பொதுச் சுவரை ஒட்டியே வைத்திருந்தோம். மறுநாள் காலை முதல் மரத்தை அறுத்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார்.

அவரும் அவர் கணவரும் தெலுங்கு பேசுபவர்கள். வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கணவர் விடிந்ததும் மல்பெரித் தோட்டத்துக்குப் போய்விடுவார். இலையை நறுக்கிப் போடுவது, புழு வளரும் மூங்கில் தட்டுகளைச் சுத்தம் செய்வது எல்லாம் அக்காதான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எங்கள் பட்டறைக்குள் மட்டும் காலை வைக்கவே மாட்டார். தூசியோ வாடையோ காலோடு ஒட்டிவந்து புழுவுக்கு ஆகாமல் போய்விடும் என்ற பயம். எது சொல்வதானாலும் படிக்கு வெளியே நின்றுதான் சொல்வார்.

“ஏம்ப்பா, சுவரே அதிருது. எங்க புழுவெல்லாம் ஜுரத்துல இருக்குது. கொஞ்சம் நிறுத்தி வைக்கக் கூடாதா?”

புழுவுக்குக் காய்ச்சலா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. பிறகு என் மனைவிதான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எனக்குச் சொன்னாள். தோல் உரிக்கிற சமயத்தில் பட்டுப்புழு இலை தின்னாமல், தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்குமாம். அதைத்தான் ஜுரம் என்பார்களாம். அந்த நேரத்தில் அலுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கடைசியில் பெண்கள் இருவரும் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஜுர நாட்களை அக்கா முன்கூட்டியே என் மனைவியிடம் சொல்லிவிடுவார். அன்றைக்கு நான் ரம்பத்தைத் தொடமாட்டேன். கடைசல் மட்டும் செய்வேன்.

நானும் அப்படியே நடந்தேன். ஆனால் முழு மனசோடு நடந்தேன் என்று சொல்ல முடியாது. என் வீட்டில், என் மெஷினை ஓட்ட, புழுவிடம் உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறதே என்று மனைவியிடம் முணுமுணுப்பேன்.

தை மாதக் கல்யாணம் ஒன்றுக்காகத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். கட்டில்கள், ஊஞ்சல் கம்புகள், தொட்டில் என்று ஒரு வீட்டுக்கே வேண்டியதைச் சொன்னார். மெஷின் வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. இதைச் சரியாக முடித்தால் அந்தப் பக்கம் முழுக்கப் பெயர் கிடைக்கும். ஆனால் நடுவில் ஜுர நாட்கள் வந்து என் கையைக் கட்டிப்போட்டன. அவை முடிந்ததும் விட்டதைப் பிடிக்க வேண்டுமென்று காலையிலிருந்து இருட்டும்வரை ஓட்டினேன். சத்தம் தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். ராத்திரி பட்டையைத் தளர்த்துவதையும் விட்டுவிட்டேன். தளர்த்தினால் காலையில் மறுபடி முறுக்கிச் சரிபார்க்க நேரமாகிறதே என்ற எண்ணம்.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வாசல் வெளிச்சத்தில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் அக்கா. வாய் அசைவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்து நிறுத்து என்று கையைக் காட்டினார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஜுர நாட்களில் நான் வாக்குத் தவறவில்லை. இப்போது நாளும் முடிந்துவிட்டது. இன்னும் என்ன? பார்க்காதவன் மாதிரி குனிந்து மரத்தைத் தள்ளினேன்.

அடுத்த முறை நிமிர்ந்தபோது அவர் படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தார். வெறும் காலோடு மரத்தூளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். அப்படி அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் கோபத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. சண்டைக்கே வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மரத்தைப் பின்னுக்கு இழுத்து வைத்தேன், சுவிட்சை அணைத்தேன், பஞ்சைப் பிடுங்கிக்கொண்டே அவரை நோக்கி நடந்தேன்.

“என்னாக்கா இது? ஜுரம்தான் முடிஞ்சுபோச்சே. இன்னும் நான் பொழைக்கறதா வேண்டாமா?”

“புழுவுக்கு ஒண்ணும் இல்லப்பா. உன் மிசினுக்குத்தான் என்னமோ ஆயிருக்குது. சத்தம் மாறிப்போச்சு...”

அவர் சொல்லி முடிக்கவில்லை. எனக்குப் பின்னால் துப்பாக்கி வெடித்தது மாதிரி ஒரு சத்தம். அக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். சுவிட்சை அணைத்தும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்திலிருந்து ரம்பம் அறுந்து, கூடு இல்லாத மேல் பக்கமாகச் சீறி வெளியே வந்திருந்தது. நான் நின்று வேலை செய்யும் இடத்துக்குப் பின்னால் சாத்தியிருந்த பலகையில், என் கழுத்து உயரத்துக்கு, ஒரு நீளமான வெட்டு. ரம்பம் சுருண்டு தரையில் விழுந்து இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

கொல்லையிலிருந்து என் மனைவி ஓடிவந்தாள். என் கைகளைப் புரட்டிப் பார்த்தாள், முகத்தைத் தடவிப் பார்த்தாள், பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள். பிறகு அக்காவைத் தூக்கித் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

கொஞ்சம் தெளிந்ததும் அறுந்த ரம்பத்தை எடுத்துப் பார்த்தேன். அறுந்த இடத்தில் பாதிக்கு மேல் கறுத்திருந்தது. மீதிதான் புதிதாகப் பளபளத்தது. விரிசல் எப்போதோ விழுந்து வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தளர்த்தாமல் விட்ட ஒவ்வொரு ராத்திரியும் அது முறுக்கிலேயே கிடந்திருக்கிறது.

சாயங்காலம் நானும் மனைவியும் அக்கா வீட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தும், அந்தப் புழு அறையை நான் அதுவரை பார்த்ததில்லை. வாசலில் கால் கழுவச் சொல்லி உள்ளே விட்டார். அறையின் அந்தக் கோடியில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, நெருக்கியடித்து அடுக்கியிருந்தன. புழுக்கள் இலை தின்கிற சத்தம் ஓட்டின்மேல் தூறல் விழுவது மாதிரி கேட்டது. எங்கள் சுவரை ஒட்டிய பாதி அறை மட்டும் காலியாகக் கிடந்தது. இலை நறுக்குகிற கட்டையும் ஒரு பழைய பாயும்தான் அங்கே இருந்தன.

“இந்தப் பக்கம் ஏன் எதுவும் வைக்கல?” என்று கேட்டேன்.

சொல்ல வேண்டாமென்றுதான் முதலில் பார்த்தார். என் மனைவி திரும்பக் கேட்டபிறகு சொன்னார். “உன் மிசின் வந்தப்ப இந்தப் பக்கத்துத் தட்டுல இருந்ததெல்லாம் கெட்டுப்போச்சு. சத்தத்தாலயா, எலை சரியில்லையா, யாருக்குத் தெரியும்? அப்பறம் அவரு எல்லாத்தையும் அந்தப் பக்கம் மாத்திட்டாரு. எடம் பத்தல, கொஞ்சமாத்தான் வளக்கிறோம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா.”

“ஜுரத்துக்கு நிறுத்தச் சொன்னதுக்கே உனக்கு முகம் சரியில்ல. நீயும் பொழைக்கணுமில்லப்பா. தெனமும் இந்தச் சுவத்தோரமாத்தான் உக்காந்து எலை நறுக்கறேன். உன் மிசின் ஒரே இழுப்பா ஓடும், பழகிப்போச்சு. நேத்து சாயங்காலம் நடுநடுவுல டிக்கு டிக்குன்னுச்சு. இன்னிக்கு அது ஜாஸ்தி ஆயிடுச்சு. மனசு கேக்கல, வந்துட்டன்.”

நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஓட்டிய மெஷினை, அதனால் நஷ்டப்பட்ட ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அக்காவைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் கூச்சத்தில் நறுக்கிய இலையையே திரும்ப நறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேறு எந்த வேலையையும் தொடாமல் மரக் கூட்டைச் செய்தேன். கல்யாண வேலையில் மீதியிருந்ததை ஆட்களைக் கெஞ்சிக் கூப்பிட்டுக் கை ரம்பத்தில் அறுத்துக் கடைந்தேன். கட்டில்கள் நாளுக்குப் போய்ச் சேர்ந்தன, ஊஞ்சல் கம்புகள் சேரவில்லை. விவசாயி நன்றாகத் திட்டினார். அடுத்த வேலையை எனக்குக் கொடுக்கவும் இல்லை. அது வருத்தம்தான். கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு, கல் பலகையைப் பெயர்த்து அங்கே பதித்து, மெஷினை மாற்றினேன். பெங்களூர் ஃபிட்டர் வந்து மறுபடி நூல் பிடித்து நேர்பார்த்து, புது ரம்பம் மாட்டிக் கொடுத்தார். சில வாரங்கள் கழித்து அக்கா வீட்டுக் காலிப் பக்கத்தில் தட்டுகள் வந்துவிட்டதாக என் மனைவி சொன்னாள்.

அதன்பிறகு எங்களுக்குள் சண்டையே வரவில்லை என்று சொன்னால் பொய். கொட்டகையிலிருந்து தூள் பறந்து மல்பெரி இலைமேல் விழுகிறது என்று அவர் வந்து நின்ற நாட்கள் உண்டு. சில தடவை அவர் சொன்னது சரி, சில தடவை அது என் தூளே இல்லை.

இன்று எனக்கு வயதாகிவிட்டது, கேட்பதும் மங்கிவிட்டது. ஆனாலும் யாராவது குறை சொல்ல வாசலில் வந்து நின்றால், பதிலை யோசிப்பதற்கு முன்னால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அவர் சொல்வதை முழுதாகக் கேட்டுக்கொள்கிறேன். அன்று கோபத்தில்தான் மெஷினை நிறுத்தினேன் என்றாலும், நிறுத்தியதால்தான் இதை உங்களிடம் சொல்ல நான் இருக்கிறேன்.