கட்டிலுக்குக் கீழே இருந்த சுருட்டுகள்

அக்காவின் உடலைச் சுடலைக்குக் கொண்டுசென்று திரும்பிய பிற்பகலில், உரும்பிராயில் அவள் வாழ்ந்த வளவின் வேலியோரமாகச் சுருட்டுகள் கிடக்கக் கண்டேன். அவை புகைத்து முடித்த குறைத்துண்டுகள் அல்ல. ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை இழுக்கப்பட்டு, மண்ணில் அழுத்தி அணைக்கப்பட்ட முழுச் சுருட்டுகள். வேலிக் கிளுவை மரங்களின் அடியில், பிறர் கண்ணிற் படாதவாறு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. அத்தான் காணுமுன் அவற்றைப் பொறுக்கிவிட வேண்டுமென்று குனிந்தேன். நிமிர்ந்தபோது, ஈர வேட்டியுடன் அவர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அத்தான் என்று நான் குறிப்பிடுவது அக்காவின் கணவரை. இளமையில் நாங்கள் இருவரும் ஒரே சுருட்டுக் கொட்டிலில் அருகருகே அமர்ந்து சுற்றியவர்கள். அங்கே ஒருவர் உரத்துப் பத்திரிகை வாசிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே வேலை செய்வர். என் எழுத்தறிவிற் பெரும்பகுதி அங்கே காதால் வந்ததுதான். அத்தானுக்கோ கவனம் முழுவதும் மூக்கில் இருந்தது. பிற்காலத்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே, அச்சுவேலியில் வெறுஞ் சுருட்டுகளை வாங்கிவந்து அவற்றுக்கு வீட்டில் மணமேற்றுவதைத் தம் விருப்பமாக்கிக்கொண்டார். பனங்கட்டியையும் புகையிலைக் காம்பையும் போட்டுக் காய்ச்சிய சாற்றைக் கோடா என்போம். அவர் அதில் ஏலமும் கராம்பும் தட்டிப் போடுவார். அன்னாசித் தோலை இரண்டு நாள் ஊறவிடுவார். கடைசியில் ஒரு மூடி சாராயம் விடுவார். கோழியிறகால் அதனைச் சுருட்டின்மீது தடவி, நிழலில் உலர்த்தி, வாழைச்சருகு பரப்பிய விசுக்கோத்துத் தகரத்தில் அடுக்கி மூடிவைப்பார். மூன்று கிழமைகளுக்குள் எந்நாளில் திறப்பது, எந்நாளில் காற்றாட விடுவது என்பதை மணமே சொல்லவேண்டும்.

அவற்றை அவர் விற்றதில்லை. எங்கள் ஊரில் ஒரு செத்தவீடு என்றால், வந்திருப்போருக்கு வெற்றிலைத் தட்டோடு சுருட்டும் வைப்பார்கள். அந்தச் சுருட்டு அத்தானுடைய தகரத்திலிருந்து வரவேண்டும் என்பது காலப்போக்கில் ஒரு நியதியாயிற்று. கூட்டங்களிற் பின்வரிசையில் இருக்கும் மனிதர் அவர். தகரத்தோடு செத்தவீட்டுக்குள் நுழையும்போது மட்டும் ஆண்கள் எழுந்து அவருக்கு இடம் விடுவார்கள். அவருக்கு ஊரில் இருந்த மதிப்பு அவ்வளவும் அந்தத் தகரத்துக்குள் இருந்தது.

தொற்றுநோய் பரவி ஊரடங்கிக் கிடந்த காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, மணம் அறியும் ஆற்றல் திரும்பவில்லை. அதனை அவர் அக்காவைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் தற்செயலாக, கோடா காய்ச்சும் குசினிப் பக்கத்தால் உள்ளே போன நான், அவர் திறந்த தகரத்தை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல் நிற்கக் கண்டேன்.

"உதென்ன மணமப்பா? உதைப் பத்தினால் பிணமே எழும்பி ஓடும்," என்றாள் அக்கா.

"ஓடினால் நல்லதுதானே. அழுகிற சனத்துக்கும் ஆறுதல்."

"பகிடியை விடுங்கோ. கராம்பு கூடிப்போச்சு. திறந்து வையுங்கோ, நாளைக்குப் பார்ப்பம்."

என்னைக் கண்டதும் அத்தான் மூடியைப் போட்டார். "தம்பி, வெளியிலை கதைச்சுப்போடாதை," என்றார். நான் கதைக்கவில்லை.

அந்தக் காய்ச்சலுக்குப் பின் மூன்றாம் ஆண்டில் அக்கா படுக்கையில் விழுந்தாள். அவளால் குசினிக்கு வர இயலாததால், அத்தான் தகரத்தை அவளுடைய கட்டிலுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். காலையில் எடுத்துத் திறந்து நீட்டுவார். அவள் கண்ணை மூடியபடியே குற்றம் சொல்லுவாள். பின்னர் அவளுக்குப் பேச்சு நின்றது. தகரம் அங்கேயே இருந்தது. அவர் காலைதோறும் திறந்து நீட்டுவதும் நிற்கவில்லை. புகையிலை தனக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மணத்தை இழுத்துக்கொள்ளும். கொட்டிலில் மண்ணெண்ணெய் விளக்கைக்கூட நாங்கள் புகையிலைச் சிப்பத்தருகே அண்டவிட மாட்டோம். அதனை அத்தான் மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. நோவெண்ணெய், தரை துடைக்கும் பினைல், படுக்கைப்புண், கழற்றிப் போட்ட துணிகள் என்று நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்த அறையில், அவருக்கு அக்கா மட்டுமே இருந்தாள்.

அவள் போன அன்று காலை, வாசலிற் பறை ஒலிக்கத் தொடங்கியிருந்தது. அத்தான் கட்டிலின் கீழிருந்து தகரத்தை இழுத்தெடுத்து என்னிடம் வந்தார்.

"தம்பி, ஊரிலை எல்லாச் செத்தவீட்டுக்கும் குடுத்தனான். அவளின்ரைக்குப் பிழை வரக்கூடாது. ஒருக்கா மணந்து பார். சரியில்லையெண்டால் சொல்லு, சந்தியிலை கடைச் சுருட்டு வாங்குவம்."

முகத்தை அருகே கொண்டுபோனேன். ஏலம் இல்லை, அன்னாசி இல்லை. அக்காவின் கடைசி மூன்று மாதங்கள் அதற்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அத்தானின் கண்கள் சிவந்திருந்தன. அவ்வேளையில் உண்மை கூறுவது கொடுமை என்று எனக்குத் தோன்றிற்று.

"நல்லாயிருக்கு அத்தான்," என்றேன்.

அவரே தம் கையால் தட்டை ஏந்திப் பந்தலைச் சுற்றி வந்தார். எடுக்காதவர் இல்லை. பற்றவைத்தவர்களில் ஒருவரும் முகஞ் சுளிக்கவில்லை. சற்று நேரத்தில், கால் விறைத்தவர்போல் ஒவ்வொருவராக எழுந்து வேலிப்பக்கம் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அவர்களுடைய மரியாதை அப்படிப்பட்டது. நான் பந்தலின் கப்புக் காலைப் பிடித்துக்கொண்டு அதனைப் பார்த்தவாறு நின்றேன்.

பிற்பகலில் வேலியடியில், என் கைநிறைய இருந்த சுருட்டுகளை அத்தான் பார்த்தார். ஒன்றை எடுத்து, பழக்கத்தால், மூக்கருகே வைத்து மூச்சை இழுத்தார்.

"என்ன மணம்?"

இனி மறைப்பதற்கு ஏதும் இருக்கவில்லை. "அக்கான்ரை அறை மணம், அத்தான்."

அவர் கோபிக்கவில்லை. அந்தச் சுருட்டை விரல்களுக்கிடையில் நெடுநேரம் உருட்டினார். "உன்ரை கொக்கா எனக்கு ஒருநாளும் நல்லாயிருக்கெண்டு சொன்னதில்லை," என்றார். "அதாலைதான் நான் அவளை நம்பினனான்."

அதன் பின்னர் அவர் கோடா காய்ச்சவில்லை. இப்போது செத்தவீட்டுத் தட்டுகளிற் கடைச் சுருட்டு இருக்கிறது. அத்தான் வருவார், பின்வரிசையில் இருப்பார், பிணம் எடுத்ததும் போய்விடுவார். ஏன் கொண்டுவரவில்லை என்று இன்றுவரை ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. தம் சுருட்டு ஊருக்கு இனி வேண்டாம் என்றே அந்த மௌனத்தை அவர் விளங்கிக்கொண்டிருப்பார். அன்று காலை நான் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருந்தால், அக்காவுக்காக நாங்கள் சந்திக்குப் போய்வந்திருப்போம், அவ்வளவுதான். அவர்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொன்னேன் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உண்மையில், அந்த முகத்தைப் பார்த்து உண்மை சொல்லும் சங்கடத்திலிருந்து என்னையே காத்துக்கொண்டேன்.

அவர் தனியே இருக்கிறார். என் மனைவி சமைப்பதை நான் நாள்தோறும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உணவு பழுதாகிவிட்டதா என்பது அவருக்குத் தெரியாது; ஆகையால் உண்ணுமுன் எவரிடமாவது கேட்டுக்கொள்வார். சென்ற கிழமை நான் கொண்டுபோனது முதல்நாள் வைத்த மீன்குழம்பு.

"பழுதாகேல்லை அத்தான். நான் பார்த்துத்தான் கொண்டுவந்தனான்," என்றேன்.

"ஓம், ஓம்," என்றார். பின்னர் சட்டியைத் தூக்கிக்கொண்டு மெல்ல இறங்கி, கிணற்றடியில் தண்ணீர் அள்ள வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனார்.

"பிள்ளை, இதை ஒருக்கா மணந்து பார்."

அவள் வாளியை வைத்துவிட்டுக் குனிந்தாள். அவள் தலையசைக்கும்வரை, நானும் அவருக்குப் பக்கத்திற் போய்க் காத்து நின்றேன்.